கோபாலன் எதிர் சென்னை மாநிலம்

உழைப்பின் பக்கம் நின்றவர்கள் – 12

அரசமைப்புச் சட்டப் பாடநூல் எதைப் புரட்டினாலும், தனிமனித சுதந்திரம் பற்றிய அத்தியாயத்தில் முதலில் வந்து நிற்கும் வழக்கு ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’. அந்தக் கோபாலன் யார், சென்னை மாநிலம் அவரை எதற்காக உள்ளே வைத்திருந்தது என்பதையெல்லாம் பாடநூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடும். இந்த இதழில் நாம் விரித்துப் பார்க்கப்போவது அந்த இரண்டு வரியைத்தான்.

சென்ற இதழில் ஏ.கே. கோபாலனை, அதாவது ஏ.கே.ஜி.யை, வேலூர்ச் சிறைச் சுவரருகே விட்டுவந்தோம். பள்ளி ஆசிரியர் வேலையை உதறிவிட்டு 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவர். 1931இல் குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர்படைத் தலைவராக நின்று அடி வாங்கியவர். 1936இல் முப்பத்திரண்டு பேரோடு மலபாரிலிருந்து சென்னைவரை பட்டினிப் பேரணியாக நடந்து வந்தவர். காங்கிரஸ் சோஷலிஸ்ட்டாக இருந்து 1939 வாக்கில் கம்யூனிஸ்ட் ஆனவர். 1941 செப்டம்பரில் தோழர்களோடு சிறைச் சுவரைத் துளைத்து வெளியேறித் தலைமறைவானவர். இத்தனையும் வெள்ளைக்காரன் காலத்துக் கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் சிக்கலானது.

கண்ணூர்ச் சிறையில் ஒரு கொடியேற்றம்

1947 ஆகஸ்ட் 14 இரவு, மறுபடி பிடிபட்டிருந்த ஏ.கே.ஜி. கண்ணூர் மத்தியச் சிறையில் தனிக் கொட்டடியில் இருந்தார். வயது 42. அந்த இரவைப் பற்றித் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். சிறையின் நாலாபுறமிருந்தும் காந்திக்கும் பாரத மாதாவுக்கும் கைதிகள் போட்ட ஜே கோஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும், தன்னிடம் வைத்திருந்த தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு சிறை வளாகத்தின் நீளத்துக்கு நடந்தார். கைதிகளைக் கூட்டிக் கூரைமேல் கொடியேற்றி, சுதந்திரம் என்றால் என்ன என்று பேசினார்.

அடைத்துவைத்த அரசு போய்விட்டது. அடைபட்டவர் மட்டும் உள்ளேயே இருந்தார். வாசற்கதவு திறக்க இன்னும் சில வாரங்கள் பிடித்தன. வெளியே வந்தவரால் அதிக நாள் வெளியே இருக்கவும் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி கைது. இந்தமுறை கைது செய்தது ஒருகாலத்தில் அவர் சத்தியாகிரகியாகப் பணியாற்றிய காங்கிரஸ் கட்சியின் அரசு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமர் (முதலமைச்சரை அப்படித்தான் அன்றைக்குச் சொன்னார்கள்). 1949இல் அவர் இடத்துக்குப் பி.எஸ். குமாரசாமி ராஜா வந்தார். கோபாலனின் இருப்பிடம் மாறவில்லை.

கட்சியின் கோஷமும் கைதியின் மனுவும்

அரசுத் தரப்பு சும்மா பயந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948 பிப்ரவரி இறுதியில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு, கிடைத்தது உண்மையான சுதந்திரமே அல்ல என்று முடிவெடுத்தது. ‘யே ஆசாதி ஜூட்டி ஹை’ என்ற கோஷம் ஊர் ஊராகப் பரவியது. பி.டி. ரணதிவே பொதுச்செயலாளர் ஆனார். தெலங்கானாவில் துப்பாக்கியோடு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மலபாரில் நெற்குதிர்களைச் சுற்றி விவசாயிகளும் போலீஸும் மோதினார்கள். சென்னை அரசு பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளியது. 1949இல் கட்சியையே தடை செய்தது.

ஏ.கே.ஜி.மேல் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின்படியும் வழக்குகள் போட்டார்கள். தண்டனையும் வாங்கித் தந்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை. குற்றம் நிரூபணமாகவில்லை என்றால், குற்றம் செய்துவிடக்கூடும் என்ற பேரில் வைத்துக்கொள்ளலாமே. தடுப்புக் காவலின் வசதியே அதுதான்.

1950 ஜனவரி 26 அன்று குடியரசு பிறந்தது. அடிப்படை உரிமைகள் அமலுக்கு வந்தன. இரண்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் தொடங்கியது. பதினாறாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், கோபாலன் கட்டி வளர்த்த விவசாயச் சங்கங்களின் பிள்ளைகள். இரண்டு வாரம் கழித்து, நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. பல இரவு தூங்காமல் யோசித்துத்தான் இந்த மசோதாவைக் கொண்டுவருகிறேன் என்றார் சர்தார் படேல். பிப்ரவரி 26 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. மார்ச் 1 அன்று, ஏற்கெனவே சிறைக்குள் இருந்த கோபாலனிடம் புதுச் சட்டத்தின்படி புது உத்தரவு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவர் அரசமைப்பின் 32ஆவது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வந்த சுதந்திரம் பொய் என்று கட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்சியின் கைதியோ, அச்சு மை காய்வதற்குள் அந்தச் சுதந்திரத்தின் சாசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எனக்கு என்ன உரிமை எழுதியிருக்கிறது, அதைக் கொடு என்று கேட்கிறார். கட்சியின் கொள்கை விளக்கத்துக்கும் இந்த மனுவுக்கும் உள்ள முரண்பாட்டை அவர் உட்கார்ந்து தீர்த்துவைத்ததாகத் தெரியவில்லை. தீர்க்கிற ஆளும் அவர் இல்லை. கேரளக் கம்யூனிஸ்ட்டுகளில் தத்துவம் எழுதுவதற்கு இ.எம்.எஸ். இருந்தார், அமைப்பைக் கட்டியது பி. கிருஷ்ணபிள்ளை. ஏ.கே.ஜி. பூட்டிய கதவு எதுவாயிருந்தாலும் தட்டிப் பார்ப்பவர். குருவாயூர்க் கோயில் கதவைத் தட்டினார், சென்னைக் கோட்டைக் கதவைத் தட்டினார், இப்போது உச்ச நீதிமன்றத்தின் முறை.

காகிதத்தைக் காட்டக் கூடாது

புதுச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் வழக்கு புரியும். ஒருவரை வெளியே விட்டால் நாட்டின் பாதுகாப்புக்கோ பொது அமைதிக்கோ ஆபத்து என்று அரசு ‘திருப்தி’ அடைந்தால் போதும்; மாவட்ட ஆட்சியர்கூட உத்தரவு போடலாம். காவலில் வைத்தவருக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும். அவர் அதற்குப் பதில் மனு எழுதலாம். சில வகைக் காரணங்களுக்காக என்றால், ஆலோசனைக் குழுவிடம் கேட்காமலேயே மூன்று மாதத்துக்கு மேல் ஓராண்டுவரை வைத்திருக்கலாம் என்றது 12ஆம் பிரிவு.

உச்சம் 14ஆம் பிரிவு. காவலில் இருப்பவரிடம் தந்த காரணங்களை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. அந்தக் காகிதத்தில் இருப்பதை அனுமதியில்லாமல் யாராவது வெளியே சொன்னால் அதுவே குற்றம், ஓராண்டுவரை சிறை. அதாவது, என்னை ஏன் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கான எழுத்து என் சட்டைப் பையில் இருக்கிறது. நியாயம் கேட்கப் போன இடத்தில் நீதிபதியிடம் அதை எடுத்து நீட்டினால் நான் குற்றவாளி. காரணம் உண்மையா பொய்யா என்பது அப்புறம். காரணம் என்று எழுதியிருப்பது இந்தச் சட்டத்துக்குள் அடங்குமா என்று பார்க்கக்கூட நீதிமன்றத்துக்கு வழியில்லை.

கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். சென்னையில் தொழில் செய்தவர். (பிற்காலத்தில் நாட்டின் தலைமை வழக்கறிஞரான கே.கே. வேணுகோபால் இவருடைய மகன்.) துணைக்கு நின்றவர்களில் ஒருவர் சென்னைப் பாரிஸ்டர் வி.ஜி. ராவ், இரண்டாண்டு கழித்து இவர் பெயராலேயே இன்னொரு புகழ்பெற்ற வழக்கு வரப்போகிறது. எதிரே சென்னை அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், ஒன்றிய அரசுக்காக எம்.சி. செடல்வாடும். அப்போது உச்ச நீதிமன்றத்துக்கு இருந்த நீதிபதிகள் ஆறு பேர். ஆறு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். தலைமை நீதிபதி கனியா. மற்றவர்கள் பசல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மகாஜன், முகர்ஜி, எஸ்.ஆர். தாஸ். பதஞ்சலி சாஸ்திரி நம் உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்.

ரொட்டிக் கடைத் தொழிலாளியும் மலபார்த் தலைவரும்

நம்பியாரின் வாதம் மூன்று பிரிவுகளை ஒன்றாகக் கோத்தது. 19ஆவது பிரிவு நாட்டுக்குள் எங்கும் நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. சிறையில் வைத்தால் அது போய்விடுகிறது. ஆகவே அந்தக் கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரது உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. அந்த நடைமுறை ஏதோ ஒரு நடைமுறையாக இருந்தால் போதாது, நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும். 22ஆவது பிரிவு தடுப்புக் காவலில் இருப்பவருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. புதுச் சட்டம் அவற்றையும் மீறுகிறது.

நடுவில் உள்ள வாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்க அரசமைப்பில் இந்த இடத்தில் ‘முறையான சட்ட நெறி’ என்ற பொருள்படும் தொடர் இருக்கிறது. நெறி முறையானதா என்று பார்க்கும் அதிகாரம் அங்கே நீதிபதிகளுக்கு. நம் அரசமைப்பின் ஆரம்ப வரைவிலும் அதுதான் இருந்தது. அரசமைப்பு அவையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனபோது நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். அந்தத் தொடர் வேண்டாம் என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. ஏன்? அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க நீதிமன்றங்கள் தொழிலாளர் நலச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்த வரலாறு இருந்தது. ரொட்டிக் கடைத் தொழிலாளியிடம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது தொழிலாளியின் சுதந்திரமாம்.

நாளை இந்தியாவில் ஜமீன் ஒழிப்பும் தொழிலாளர் சட்டமும் வரும்போது நீதிபதிகள் இப்படிக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற கவலை நம் தலைவர்களுக்கு இருந்தது. நம்மூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் உட்படப் பலரும் ஒத்துக்கொள்ள, அந்தத் தொடர் வெளியே போய் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ உள்ளே வந்தது. அவையில் பலர் ஆட்சேபித்தார்கள். அதை ஈடுகட்டத்தான் கைதானவர்களுக்கான சில பாதுகாப்புகளைப் பின்னால் அம்பேத்கர் கொண்டுவந்து சேர்த்தார். இன்றைய 22ஆவது பிரிவு அதுதான்.

தொழிலாளர் சட்டங்களைக் காப்பாற்றுவதற்கென்று அகற்றிய பாதுகாப்பு அது. அது இல்லாமல் போனதன் சுமை முதலில் வந்து விழுந்தது ஒரு தொழிலாளர் தலைவரின் தலையில்.

நாலுக்கு இரண்டு

1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. நாலு நீதிபதிகள் ஒருபக்கம், பசல் அலியும் மகாஜனும் மறுபக்கம். மனு தள்ளுபடி.

பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: ஒவ்வொரு அடிப்படை உரிமைக்கும் தனித்தனி எல்லை உண்டு, தடுப்புக் காவலுக்கு 22ஆவது பிரிவு இருக்கும்போது 19ஐக் கொண்டுவந்து அதன்மேல் வைக்கக் கூடாது. 21ஆவது பிரிவில் சட்டம் என்றால் சட்டமன்றம் போட்ட சட்டம், அவ்வளவுதான். இயற்கை நீதி என்று ஒன்றை அதற்குள் வாசிக்க முடியாது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதி, அதன்படி ஒருவரை உள்ளே வைத்தால், அந்த நடைமுறை நல்லதா கெட்டதா என்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை.

பசல் அலி இதை ஏற்கவில்லை. உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. காவலில் வைத்தால் நடமாட்டம் போவது கண்கூடு. நடைமுறை என்று சொன்னாலே அதில் முன்னறிவிப்பு, சொல்லவந்ததைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம், ஒழுங்கான விசாரணை இவையெல்லாம் அடங்கும் என்று எழுதினார்.

ஒரே ஒரு விஷயத்தில் ஆறு பேரும் ஒன்றாக நின்றார்கள். தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடமிருந்து மறைக்கச் சொல்லும் சட்டம் அரசமைப்பின்முன் நிற்காது என்று அந்தப் பிரிவை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு மீதிச் சட்டத்தை வைத்துக்கொண்டார்கள். குடியரசு பிறந்து நாலு மாதம்கூட முடியவில்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் ஒரு துண்டு விழுந்துவிட்டது. கோபாலன் வெளியே வரவில்லை. ஆனால் அன்று முதல் நாட்டில் எந்தச் சிறையில் தடுப்புக் காவலில் இருப்பவரும் கையில் தரப்பட்ட காகிதத்தை நீதிபதியிடம் நீட்டலாம். இந்தக் காரணம் மொட்டையாக இருக்கிறது, இந்தக் காரணத்துக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பின்னாளில் எத்தனையோ பேர் விடுதலை வாங்கியது அந்த வாசல் வழியாகத்தான். வழக்கின் இந்தப் பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த வாரமே, மே 26 அன்று, ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்ற தடையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. சென்னை அரசுக்கு அது நல்ல மாதம் இல்லை.

அதே கட்டடம்

1951இல் தடுப்புக் காவல் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் காவல் உத்தரவுகளும் ஆலோசனைக் குழுவின் பார்வைக்குப் போயாக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதே ஆண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாக ஏ.கே.ஜி. வெளியே வந்தார். அதற்குள் கட்சியும் மாறியிருந்தது. ரணதிவே பதவியிலிருந்து இறங்கிவிட்டார். தெலங்கானா ஆயுதப் போராட்டம் 1951 இறுதியில் நிறுத்தப்பட்டது. வரப்போகும் பொதுத் தேர்தலில் நிற்பது என்று முடிவாகியிருந்தது.

சிறையில் இருந்தவர்களுக்கு மக்கள் வாக்கைக் கொட்டினார்கள். 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. கண்ணூர்த் தொகுதி ஏ.கே.ஜி.யை மக்களவைக்கு அனுப்பியது. அங்கே கம்யூனிஸ்ட்டுகளுக்குக் கிடைத்தவை 16 இடங்கள். எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது. அந்தக் குழுவின் தலைவர் கோபாலன்.

உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம் கிடையாது. 1958வரை அது நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், பழைய மன்னர்கள் மன்ற மண்டபத்தில்தான் நடந்தது. ஆகவே 1950 மே மாதம் கோபாலனின் மனுவைத் தள்ளுபடி செய்த அதே கட்டடத்துக்குள்தான், 1952 மே மாதம் அவர் மக்கள் பிரதிநிதியாக நடந்து போனார். தன்னை உள்ளே வைத்த சட்டம் நீட்டிப்புக்கு வரும்போதெல்லாம் எதிர்வரிசையிலிருந்து அதைப் பேசித் தீர்க்க இப்போது அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. 1952, 1957, 1962, 1967, 1971 என்று ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தார்.

காப்பிக் கடை

வழக்கில் தெரிந்த அதே குணம் வேறொரு வேடத்தில் தெரிந்த இடம் காப்பிக் கடை. இந்தியக் காப்பி வாரியம் நாட்டின் பெரிய ஊர்களில் காப்பி ஹவுஸ்கள் நடத்திவந்தது. 1930களில் காப்பிக்குச் சந்தை பிடிப்பதற்காகத் தொடங்கியவை அவை. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. ஆயுள் முழுக்கக் காப்பி போட்டும் பரிமாறியும் பழகிய தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

தொழிற்சங்கத் தலைவருக்கு இங்கே பழக்கமான பாதை ஒன்று உண்டு: மறியல், மனு, இழப்பீடு. அதையெல்லாம் செய்து பார்த்த பிறகு, ஏ.கே.ஜி. தொழிலாளர்களிடம் சொன்ன யோசனை வேறு. வாரியம் நடத்தாவிட்டால் நீங்களே நடத்துங்கள். கூட்டுறவுச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் சங்கம் பதியுங்கள். கையில் முதலில்லாத சர்வர்களும் சமையல்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப்பணம் போட்டு முதலாளிகள் ஆக வேண்டும் என்பது அன்றைக்குப் பலருக்கு விளையாட்டாகத்தான் தெரிந்திருக்கும். முதல் சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் உருவானது. அக்டோபரில் டெல்லியில் கடை திறந்தது. கேரளத்தில், வேலை இழந்தவர்களில் ஒருவரான என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை முன்நின்று வேலை செய்ய, 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் முதல் இந்தியன் காப்பி ஹவுஸ் திறந்தது. திறந்துவைத்தவர் ஏ.கே.ஜி.

விசிறி வைத்த தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையுமாக இன்றும் புதுச்சேரி நேரு வீதியிலோ திருவனந்தபுரம் தம்பானூரிலோ நம் மேசைக்குக் காப்பி கொண்டுவருபவர், அந்தக் கடையின் பங்குதாரராகவும் இருக்கக்கூடும். வாரியம் கைகழுவிய கடைகளைத் தொழிலாளர்கள் அறுபது ஆண்டுக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

புரட்சி வந்த பிறகுதான் எல்லாம் என்று காத்திருக்கும் பொறுமை ஏ.கே.ஜி.க்கு இல்லை. அரசு எழுதிவைத்த சட்டத்தில் கூலிக்காரனுக்கு உதவும் வரி ஒன்று இருந்தால், அதை எழுதிய அரசின் வர்க்கத் தன்மையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த வரியைப் பிடி என்பதுதான் அவர் வழி. அரசமைப்பின் 32ஆவது பிரிவும் கூட்டுறவுச் சட்டமும் அவருக்கு ஒரே மாதிரி உபயோகப்பட்டன.

தோற்ற வாதம் திரும்பி வந்தது

ஓராண்டுக்கு என்று வந்த தடுப்புக் காவல் சட்டம் நீட்டித்து நீட்டித்து 1969 இறுதிவரை ஓடியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கோபாலன் வழக்கின் அடிப்படையை உச்ச நீதிமன்றமே கைவிட்டது. எந்த வழக்கில் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இந்திரா காந்தி அரசு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. இடதுசாரிகள் அதை ஆதரித்தார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஆர்.சி. கூப்பர் என்ற வங்கிப் பங்குதாரர், சுதந்திராக் கட்சிக்காரர். அவர் சொத்துரிமையைக் காப்பாற்றும் வழியில்தான், அடிப்படை உரிமைகள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல, ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. கம்யூனிஸ்ட் கைதி கேட்டபோது மறுத்ததை வங்கிப் பங்குதாரர் கேட்டபோது கொடுத்தார்கள்.

1971இல் மிசா என்ற புதுத் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. ஏ.கே.ஜி.க்கு எழுபது வயது தாண்டிவிட்டது, உடம்பும் சரியில்லை. ஜூலையில் கூடிய மக்களவையில் எழுந்து நெருக்கடிநிலையை எதிர்த்துப் பேசினார். உறுப்பினர்கள் பலர் சிறையில் இருக்க, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருக்க, அவையில் பேசியது வெளியே போகாத காலம் அது. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்றது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1950இல் போட்ட பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. மறுநாள் ஏ.கே.ஜி. காலமானார்.

பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் பறிமுதல் தொடர்பான வழக்கில் தீர்ப்பு வந்தது. 21ஆவது பிரிவில் உள்ள நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக, தர்க்கத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்பியார் 1950இல் கேட்டதும், பசல் அலி தனித்து எழுதியதும் சட்டமாயின. வாழ்வாதாரம், சட்ட உதவி, விரைவான விசாரணை என்று பின்னாளில் 21ஆவது பிரிவிலிருந்து கிளைத்த உரிமைகள் எல்லாம் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வந்தவை. நடைபாதைவாசிகளைக் காலி செய்யும் வழக்கிலும் விசாரணைக் கைதிகள் வழக்கிலும் ஏழைகளுக்காக நிற்கும் எந்த வக்கீலும் இன்று எடுத்துவைக்கும் முதல் வாதம் இதுதான். தடுப்புக் காவல் மட்டும் போகவில்லை. 22ஆவது பிரிவு அதற்கு இன்னும் இடம் தருகிறது. தேசியப் பாதுகாப்புச் சட்டமும் நம் மாநிலத்தின் குண்டர் சட்டமும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. அந்த வகையில் கோபாலன் போட்ட மனு இன்னும் முழுசாக முடியவில்லை.

1961இல் நடந்த ஒன்றை இந்த இதழில் வேண்டுமென்றே தாண்டி வந்தேன். இடுக்கித் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் மலைகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை, மழை தொடங்கும் நேரத்தில், நம் கம்பத்துக்கு மேலே குமுளி அருகே அமராவதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிராக வாக்களித்த கிறிஸ்தவக் குடியேறிகள். ஏ.கே.ஜி. அங்கே போய் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்புக்குப் பேர்போன பாதிரியார் வடக்கன் அவர் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கூட்டணி எப்படிச் சேர்ந்தது, அரசு எப்படி இறங்கிவந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)